நாச்சிமுத்து வீட்டு நாய்

எங்கள் மாவு மில்லின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தியான வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் தமயந்தி டீச்சர். மற்ற நாட்களில் தபால் ஆபீஸ் கவுன்டரில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கிறவர். வயது முப்பத்தெட்டு இருக்கும். நான் மில்காரன். ஞானம் தேடி அலைகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது, வீட்டில் இருந்தால் ஏதாவது வேலை சொல்வார்கள். அதனால் மாடிக்குப் போய்க் கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

அங்கே வருகிறவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. ஐம்பத்தேழு வயது. பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் கொசு கடிக்குது, கால் மரத்துப்போச்சு என்று நெளிவார்கள். அவர் முக்கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, நம்மால் முடியாததைத்தானே செய்கிறார்.

அந்தப் பங்குனி ஞாயிறு அவர் வந்ததும் உட்காரவில்லை. டீச்சர் முன்னால் போய் நின்றார்.

“டீச்சர், இன்னிக்கு நாயைக் கொடுத்தறலாம்னு இருக்கறனுங்க.”

“மிளகையா?”

மிளகு அவர் வீட்டுக் குட்டைக்கால் நாய். எட்டு மாசக் குட்டி, கன்னங்கரேல் என்று இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்தபின் வீடு வெறிச்சோடிப் போச்சு என்று அவர் மனைவி ராஜாமணி அக்கா ஆசை ஆசையாக வாங்கி வந்தது.

“ஆமாங்க. அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்காரர் ஒருத்தர் நாலு மணிக்கு வர்றாரு. மோட்டார் ரூமுகிட்டக் கட்டிப்போட்டுக்கறாராம்.”

“அக்கா என்ன சொல்றாங்க?”

“அவ மூணு நாளா எங்கூடப் பேசறதில்லீங்க. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கறா.”

“அப்புறம் எதுக்குங்கண்ணா கொடுக்கறீங்க?”

அவ்வளவுதான், மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார்.

“நாங்க ரெண்டு பேரும் காலையில எட்டு மணிக்குப் பூட்டிட்டுக் கிளம்பிருவோமுங்க. நான் வர ஏழாகும். அவ ஜவுளிக்கடையில இருந்து வர ஒன்பதரை. மூணாவது மாடி வீடு. கிளம்பறதுக்கு முன்னாடி கீழ கூட்டிட்டுப் போயி எல்லாம் முடிச்சுத்தான் விடறேன். முதல் மாசம் கண்ட பக்கம் ஒண்ணுக்குப் போச்சு. பேப்பர் விரிச்சுப் பார்த்தேன், அதைக் கிழிச்சு வெளையாடுச்சு. அப்புறம் பொறுக்கமாட்டாம ரெண்டு வெச்சேன். மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ச்சேன்.”

“சரியாச்சா?”

“எங்கீங்க! இப்ப கொழுப்பு இன்னும் ஏறிப்போச்சு. நான் வர்ற வரைக்கும் இருந்துட்டு, கதவைத் திறந்ததும் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே என் கால்மாட்டுல போகுதுங்க. வேணும்னே பண்ணுது! நானும் தினம் பையைக்கூட இறக்காம மாப்பைத் தூக்கிட்டு நிக்கறேன். கட்டுப்பாடுங்கறது அதுக்கு மருந்துக்கும் இல்லீங்க டீச்சர்.”

கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கிறபோது குரல் இறங்கிவிட்டது.

“இப்பெல்லாம் என்னைக் கண்டாலே நடுங்குதுங்க. நானுந்தான் ஆசையா வளர்த்தேன்.”

டீச்சர் ஓரத்தில் இருந்த மோர்ப் பானைப் பக்கம் போனார். பானையிலிருந்து ஒரு பெரிய சொம்பு நிறைய நீர்மோர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

“குடிங்கண்ணா. வெயில்ல வந்திருக்கீங்க.”

அவர் குடித்தார். டீச்சர் இன்னொரு சொம்பு கொடுத்தார். அதையும் குடித்தார்.

“நாலு மணிக்குத்தானே வர்றாங்க? அது வரைக்கும் நேரமிருக்குது. இன்னிக்கு வகுப்பு முடிஞ்சாலும் நீங்க எந்திரிக்க வேண்டாம். நான் எங்க அக்கா மகளுக்கு வளைகாப்புன்னு போறேன். வந்ததும் எந்திரிங்க. அப்புறமா நாயைப் பத்திப் பேசலாம்.”

“எப்ப வருவீங்க டீச்சர்?”

“வந்துருவேன்.”

ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். டீச்சரும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனார். நாச்சிமுத்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலில் நான். எனக்கும் வேறு வேலை இல்லை.

பத்தரை வரைக்கும் வழக்கம்போல ஜம்மென்று இருந்தார். பிறகு நெற்றியில் வேர்வை பூத்தது. பதினோரு மணிக்குத் தொடையை இறுக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார். ரெண்டு சொம்பு மோர் சும்மா விடுமா?

நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“ஏனுங்க, கீழ மில்லுக்குப் பின்னாடிதான் பாத்ரூம். போயிட்டு வந்திருங்க. நான் டீச்சர்கிட்ட மூச்சு விடமாட்டேன்.”

“வேண்டாங்க. வந்ததும் எந்திரிக்கச் சொல்லியிருக்காங்க.”

“எப்ப வருவாங்கன்னு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அட, கதவு திறந்துதானே கெடக்குது!”

“வந்துருவாங்க.”

வீம்பு பிடித்த மனுஷன் என்று நான் திரும்பி வந்துவிட்டேன். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். பால் வண்டி போனது, பார்த்தார். கேஸ் ஆட்டோ போனது, பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் தியானம் எங்கே இருந்தது? உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. டீச்சருடைய வண்டிதான். நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கையில் புளிசாதத் தூக்கோடு டீச்சர் வாசலில் தெரிந்தார்.

அவரைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு முந்திக்கொண்டது. வேட்டி நனைந்தது. மனுஷன் அப்படியே மரமாக நின்றுவிட்டார்.

டீச்சர் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினார்.

“போங்கண்ணா, போங்க போங்க!”

அவர் ஓடினார். டீச்சர் தூக்கை வைத்துவிட்டு, மூலையில் இருந்த பழைய துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். நான் துடைக்கிறேன் என்று எழுந்தேன், உட்காருங்க என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஒரு பெரிய மனுஷனை இப்படியா சந்தி சிரிக்க வைப்பது?

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து மேலே வந்தார். வேட்டியை அலசி, பிழிந்து கட்டியிருந்தார். தலை நிமிரவில்லை.

“மன்னிச்சிருங்க டீச்சர். உசுரைக் கையில புடிச்சுட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் பார்க்கற வரைக்கும் தாங்கிட்டேன். பார்த்ததுக்கு அப்புறம்…”

ஈர வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

டீச்சர் துணியை வாளியில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணா, சாயங்காலம் போனதும் வீட்டுக்குள்ள வேற எங்கியாச்சும் ஈரம் இருக்குமா?”

“இல்லீங்க.”

“கட்டிலுக்கு அடியில? சோபாவுக்குப் பின்னாடி?”

“எங்கியும் இல்லீங்க. வாசக்கதவுகிட்ட மட்டுந்தான். அதுவும் நான் போனதுக்கு அப்புறந்தான்.”

“அடிச்சதுக்கு அப்புறம் ஒரு நாளாச்சும்?”

அவர் யோசித்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார்.

“ஒரு நாளும் இல்லீங்க டீச்சர்.”

துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தனை வயசான மனுஷன் அழுகிறதைப் பார்க்க எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. மில்காரன்தானே, மாவுத்தூசி என்று சமாளித்திருக்கலாம். தூசியும் இல்லை ஒன்றும் இல்லை, அழுகைதான் வந்தது.

பிறகு அவர் போனை எடுத்தார்.

“ஏனுங்க, நான் நாச்சிமுத்து பேசறேன். நீங்க வர வேண்டாமுங்க… இல்லீங்க, நாயைக் கொடுக்கறதில்லீங்க… சீக்கெல்லாம் ஒண்ணுமில்லை… நாய் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

போனைப் பையில் போட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

“மூக்கைப் புடிச்சுத் தேய்ச்சனே டீச்சர். இதுக்கு நான் என்ன பண்ணட்டும்? விரதம் இருக்கச் சொன்னாலும் இருக்கறேன். இன்னும் எத்தனை மணி நேரம் வேணும்னாலும் உட்கார்றனுங்க.”

டீச்சர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப வீட்டுல யாருங்கண்ணா இருக்கறாங்க?”

“யாருமில்லீங்க. அவளுக்கு ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. மிளகு மட்டுந்தான்.”

“எத்தனை மணிக்குப் பூட்டிட்டு வந்தீங்க?”

கேள்வி முடிவதற்குள் நாச்சிமுத்து எழுந்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.