ஆடித் தள்ளுபடியில் ஓர் ஆட்டம்

ஈரோட்டில் ஒரு குரு இருந்தாள். பெயர் ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது, வேலை பல் டாக்டரிடம். அவளுடைய சிஷ்யைக்கு வயது நாற்பத்தாறு. ரேஷன் கடையில் எடை போடும் மங்கையர்க்கரசி. குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள், சிஷ்யை குருவை 'டீச்சர்' என்பாள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

குரு சொல்லிக்கொடுத்த வித்தை ரோலர் டெர்பி. காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு பெண்கள் வட்டமடிக்கிற ஆட்டம். எதிரணியில் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிச் சுவர் மாதிரி முன்னால் போவார்கள். ஹெல்மெட்டில் நட்சத்திரம் போட்டவள் அந்தச் சுவரைத் தாண்ட வேண்டும்; ஒருத்தியைத் தாண்டினால் ஒரு புள்ளி. கையால் தள்ளக்கூடாது, காலை வாரக்கூடாது. தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம். டவுன் பஸ்ஸில் போய் வருகிற பெண்களுக்குப் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும்.

இவர்களுடைய ஆட்டச் சங்கத்துக்குச் சொந்த மைதானம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் நடக்காது, மண்டபம் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் ஆட்டம். மற்ற மாதங்களில் மொட்டை மாடியில் பயிற்சி.

மங்கை இரண்டு வருஷம் விழுந்து எழுந்து, இந்த ஆடியில்தான் நட்சத்திரம் வாங்கியிருந்தாள். சேலம் அணியோடு ஆட்டம். இதை விட்டால் மார்கழி. மார்கழியில் மகளுக்குப் பிரசவம். அடுத்த ஆடிக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளுமா என்பது அந்த முழங்காலுக்கே தெரியாது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். உள்ளே மலை மலையாகச் சேலை. வாசலில் 'ஆடித் தள்ளுபடி' பேனர். மண்டபக்காரர் மாதம் முழுக்க ஜவுளிக்காரர் குப்புராஜுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

"டீச்சர், இடமே போச்சே. அவ்வளவுதானா நம்ம ஆட்டம்?"

ஜெசிந்தா படியில் உட்கார்ந்தாள்.

"சங்கம் ஆரம்பிச்ச கதை தெரியுமாக்கா?"

"தெரியாது."

"முதல் வருஷம் நாங்க அஞ்சே பேரு. எதிர்த்து ஆட ஆளில்லை. ஆனி மாசக் கடைசிக் கல்யாணத்துக்குக் கட்டின வாழை மரம் வாசல்ல நின்னுது. அதைத் தூக்கிட்டு வந்து எதிரணியா நிறுத்தினோம்."

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம்."

"வாழை மரத்துகிட்டயா?"

"அது அசையவே இல்லையேக்கா. நடுவர் நம்ம வாட்ச்மேன். கறாரான மனுஷன்."

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் இன்னொரு கதை வரும் என்று அவளுக்குத் தெரியும். அடக்கியும் வந்தது.

"மறுவருஷம் மார்கழி. எங்களுக்குக் குடுத்த நாளையே பஜனைக் கோஷ்டிக்கும் குடுத்துட்டாங்க. அவங்க நடுவுல உக்காந்து பாடினாங்க, நாங்க சுத்தி ஓடினோம். எங்க வேகத்தைப் பாத்து ஆர்மோனியக்காரர் வேகம் எடுத்துட்டாரு. பொழுது விடியறதுக்குள்ள பஜனை முடிஞ்சு, பொங்கல் குடுத்து அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அதுக்கு அடுத்த வருஷம் தரையெல்லாம் நெய். விருந்து முடிஞ்சு யாரும் கழுவலை. எங்க ஜீனத் வாசல் வழியா வழுக்கிட்டுப் போனவ பவானியில போய்த்தான் நின்னா. பஸ் புடிச்சு வந்து மிச்ச ஆட்டத்தை ஆடினா."

"கேலி பண்ணாதீங்க டீச்சர். எந்த வருஷம்தான் இடம் சரியா அமைஞ்சுது?"

ஜெசிந்தா எழுந்து உள்ளே போனாள்.

"அண்ணே, யாவாரம் எப்படிங்க?"

குப்புராஜ் சலித்துக்கொண்டார். "வர்றாங்க, தொட்டுப் பாக்கறாங்க, போயிடறாங்க."

"மேசையெல்லாத்தையும் நடுவுல போட்டுக்கங்க. நாளைக்கு நாங்க சுத்தி ஓடிக்கறோம்."

"யாரையாவது இடிச்சுப் போட்டீங்கன்னா?"

"கயிறு கட்டிடறோங்க. என்ன, உள்ள நிக்கறவங்க ஆட்டம் முடியற வரைக்கும் வெளிய போக முடியாது. அந்த ஒரு சிரமம்தான்."

குப்புராஜ் மேசைகளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் ஆடுவீங்க?"

"ஒரு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரம் ஆட முடியாதா கண்ணு?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் மங்கை முதல் மேசையை நடுவுக்கு இழுத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்தது. சேலை பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு தோளில் ஆளுக்கொரு சேலையைப் போட்டுக்கொண்டு கத்த ஆரம்பித்தார்கள். "இடி அக்கா, இடி" என்று கத்தியவள் எடுத்த சேலையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

மங்கை இடித்தாள். இடப்பக்கம் போனாள், சேலத்துத் தோள் ஒன்று வந்து அடைத்தது. வலப்பக்கம் போனாள், கயிற்றோரம் தூக்கி எறியப்பட்டாள். நடுவில் புகுந்தாள். நாலு பேர் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்தாள்.

கடைசிச் சுற்று பாக்கி. ஈரோடு இரண்டு புள்ளி பின்னால். நடுவில் அரை நிமிஷ இடைவெளி. நட்சத்திரத்தைக் கழற்றி வேறொருத்திக்குக் கொடுக்க விதியில் இடம் உண்டு. அணியில் இளையவள் ஒருத்தி கையை நீட்டினாள்.

"குடுக்க மாட்டேன்" என்றாள் மங்கை. மூச்சு வாங்கியது. முழங்கையில் ரத்தம்.

ஜெசிந்தா பஞ்சால் அதைத் துடைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். இந்தப் பக்கம் பாத்துட்டேன், அந்தப் பக்கம் பாத்துட்டேன், நடுவுலயும் பாத்துட்டேன். அந்தச் செவுத்துல வழியே இல்லை."

"இல்லைதானுங்க்கா" என்றாள் ஜெசிந்தா. "நீங்க பூந்து போன பின்னாடி இருக்கும்."