கவிழாத படகுகள்

அரசாங்கத்தில் படகுத்துறைக் காவல் அதிகாரியாக இருந்து, தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்து சீடரானவர் செவ்வந்தியப்பர். குரு அவரைவிட வயதில் சின்னவர். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அதிகாரம் பண்ணிப் பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்குமா? தான் போட்ட படகுச் சட்டத்தைப் பற்றி அவர் பேசாத நாள் கிடையாது.

சட்டம் இதுதான். சோதனையில் தேறி அரசாங்க முத்திரை வாங்காதவன் ஆற்றில் படகு ஓட்டக்கூடாது. ஓட்டினால் படகைக் கரைக்கு இழுத்துக் கொளுத்திவிடுவார்கள். குடித்துவிட்டுத் துடுப்பைப் பிடித்த ஒருவனால் செவ்வந்தியப்பரின் ஒரே மகள் நடு ஆற்றில் படகு கவிழ்ந்து போனாள். பெற்ற மனம் எரிந்து போட்ட சட்டம். அவரைக் குற்றம் சொல்ல நமக்கும் வாய் வராது.

அன்று காலை மடத்துப் படித்துறையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கிக் கிடந்தது. இடுப்பில் கயிறு. கயிற்றின் முனையில் உடைந்த மண்குடத்தின் கழுத்து மட்டும் மிச்சம். வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடப்பது அந்தப் பக்கத்து ஏழைகளின் வழக்கம். முன்பெல்லாம் தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் அப்படி இறங்குவார்கள். இப்போது வெள்ளத்திலும் இறங்குகிறார்கள்.

குரு உடலருகே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு என்ன பைத்தியமா சாமி?" என்றார் செவ்வந்தியப்பர். "முத்திரைப் படகு இருக்கும்போது, இந்த வெள்ளத்தில் குடத்தை நம்பி இறங்குவாளா?"

சற்றுத் தள்ளி மருதையன் நின்றிருந்தான். பரம்பரைப் படகோட்டி. முத்திரை இல்லாததால் இப்போது விறகு பிளந்து பிழைக்கிறான். அவன் படகு கரையில் காய்ந்து கிடக்கிறது.

"அவனைக் கேளும்" என்றார் குரு.

மருதையன் கேட்கக் காத்திருக்கவில்லை. "நேற்று என்னிடம்தான் வந்தாள் ஐயா. அக்கரையில் புருஷனுக்குக் கடுங்காய்ச்சலாம். இங்கே வந்து மருந்து வாங்கியிருக்கிறாள். என் படகை எடுக்கச் சொல்லிக் காலில் விழுந்தாள்."

"முத்திரைப் படகில் போவதற்கென்ன?"

"அது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். கேட்கிற கூலியும் வியாபாரிகளுக்குத்தான் கட்டுப்படியாகும்."

"நீ முத்திரை வாங்கியிருக்கலாமே. உன்னைப் போன்றவனுக்குத்தானே வழி வைத்தேன்?"

"வழி வைத்தீர்கள். சோதித்துப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் யார்? ஏற்கெனவே முத்திரை வாங்கிய படகோட்டிகள். துறைக்கு இன்னொரு படகு வந்தால் அவர்கள் பிழைப்பில் மண் விழாதா? போய்ப் போய் நின்றேன். துடுப்புப் பிடிக்கிற விதம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் அப்பன் கற்றுக்கொடுத்த பிடி அது. கடைசியில் அவர்கள் வீட்டு மருமகனுக்கு முத்திரை கிடைத்தது."

செவ்வந்தியப்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சரி, இவளுக்குக் குடம் கொடுத்தது யார்?"

மருதையன் தரையைப் பார்த்தான்.

"நான்தான். படகை எடுத்தால் கொளுத்திவிடுவார்கள். நாளைக்கு முத்திரை கிடைத்தாலும் ஓட்டப் படகு வேண்டாமா? அழுதுகொண்டு நின்றாள். எனக்குக் கொடுக்க வேறென்ன இருந்தது ஐயா?"

செவ்வந்தியப்பருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவன்மேலா, அந்தப் படகோட்டிகள்மேலா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு அந்தப் பெண்ணின் ஈரத் தலைமுடியைப் பார்த்தார். மகள் ஞாபகம் வந்தது.

"சாமி, குடிகாரனை நம்பி என் பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்ட பாவி நான். இன்னொரு தகப்பனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் செய்தேன். அது தப்பா?"

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டம் வந்த பிறகு இந்தத் துறையில் படகு கவிழ்ந்ததுண்டா?"

செவ்வந்தியப்பருக்கு மூச்சு வந்தது. மடத்தில் பலமுறை சொன்ன பதில்தான் இது.

"ஒன்றுகூட இல்லை சாமி. படகில் போன ஒரு உயிருக்கும் சேதமில்லை."

"நல்லது" என்றார் குரு. தன் மேல்துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தை மூடினார். "இவள் புருஷன் அக்கரையில் காத்துக்கொண்டிருப்பான். நீர் சொன்ன இந்தப் பதிலைப் போய் அவனிடம் சொல்லிவிட்டு வாரும்."