பட்டியலைப் புதுப்பிக்க நாம் சொல்லும்வரை பென்குயின் காத்திருப்பது ஏன்?

அந்தக் காலத்தில், தொலைபேசிக் கம்பி வழியே இணையம் கீச்சிட்டுக்கொண்டு வந்த நாட்களில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினிக்குள் ஒரு பென்குயின் குடியிருந்தது. வாய் திறந்து பேசவும் செய்தது. மற்றக் கணினிகளுக்குள் யார் இருந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே அதை விட்டுவிடுவோம்.

கடலோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றின் கோயில் அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்தாள் செலின். "லினக்ஸே போதும், நான் பொறுப்பு" என்று பங்குப் பேரவையில் அடித்துப் பேசி, புதுக் கணினியில் அதைப் போடவைத்தவள் அவள்தான். அன்று மாலை திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் பாட்டுத்தாள் அச்சாகாவிட்டால் லினக்ஸைத் துடைத்தெறிந்துவிடுவார்கள். பேரவையில் அவள் பேச்சும் அதோடு எடுபடாமல் போகும்.

திரையிலோ பாட்டு முழுவதும் வெறும் கட்டங்களாக நின்றது.

"தமிழ் எழுத்துரு உள்ள மென்பொருள் பொதியை எடுத்து வை" என்றாள்.

பென்குயின் இறக்கைக்குள் இடுக்கியிருந்த பொதிப் பட்டியலைப் புரட்டியது. "அப்படியொரு பொதி உலகத்திலேயே இல்லை, அம்மணி."

பொதியின் பெயரை எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தாள். கணினியை அணைத்துப் போட்டாள். மோடம் வயரைப் பிடுங்கிச் செருகினாள். பதில் மாறவில்லை.

பாடகர் குழுத் தலைவர் வறுவேல் வாசலில் தலையை நீட்டினார். "என்ன செலின், உன் வாத்து என்ன சொல்லுது?"

"வாத்து இல்லண்ணே, பென்குயின்."

"எதுவா இருந்தா என்ன? பாட்டு வருமா, இல்ல போன வருஷத் தாளைத் தேடட்டுமா?"

"நாலு மணி வரைக்கும் பொறுங்கண்ணே."

அவர் போனதும் கேட்டாள்: "அந்தப் பட்டியல் எப்போது எழுதியது?"

பென்குயின் நெஞ்சை நிமிர்த்தியது. "என்னை ஏற்றிக் கொண்டுவந்த குறுந்தகடு அச்சான அன்று. பதினான்கு மாதம் ஆகிறது, ஓர் எழுத்தும் அழியவில்லை."

"அதற்குப் பிறகு, இணையத்தில் பொதிகளை அடுக்கி வைத்திருக்கும் பண்டசாலைப் பக்கம் போனாயா?"

"எதற்கு? பட்டியல்தான் கையில் இருக்கிறதே!"

செலினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அங்கே புதுச் சரக்கு வந்திருக்காதா? போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா."

பென்குயின் முணுமுணுத்துக்கொண்டே கம்பியில் ஏறிப் போயிற்று. இருபது நிமிடம் கழித்துத் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பியது. "இருக்கிறது, அம்மணி. மூன்று வகை இருக்கிறது. ஆனால் எழுத்துரு தனியாக வராதாம். அது சார்ந்து நிற்கும் வேறு நான்கு பொதிகளை, மாமன் மச்சான் மாதிரி, முறையாக அழைத்தால்தான் வருமாம்."

"கூப்பிடு, எல்லாரையும் கூப்பிடு!"

கட்டங்கள் எழுத்துகளாயின. சூடு ஆறாத தாள்களை வாரிக்கொண்டு, முதல் பாட்டை முனகியபடியே ஓடினார் வறுவேல்.

பென்குயினுக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. இனி ஒருபோதும் பழைய பட்டியலை வைத்துப் பேசக்கூடாது என்று, நிமிடத்துக்கொரு தரம் தொலைபேசிக் கம்பியில் ஏறிப் பண்டசாலைக்குப் போய் வந்தது. கொடி ஏறிய சற்று நேரத்தில் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சாமியார் எங்கே? எங்கப்பா சாகக் கிடக்காரு, அவஸ்தை பூசணும். ஒரு மணி நேரமா அடிக்கிறோம், உங்க போன் எங்கேஜாவே இருக்கு!"

சாமியார் சைக்கிளில் பறந்தார். கிழவருக்குக் கடைசி மூச்சு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வரும்வரை செலின் உட்காரவில்லை. அதன்பின் கணினியின் முன்னால் வந்து நின்றாள்.

"இனி நான் சொன்னால் போ. சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதே. உன் பேச்சும் வேண்டாம்."

மறுநாள் காலை பென்குயினிடம், "கோபத்தில் சொன்னதுடா" என்றாள். திரையில் எழுத்துகள் மட்டும் ஓடின. பல வருடம் கழித்து அகன்ற இணைய இணைப்பு வந்து தொலைபேசி விடுபட்டபோது, "இப்போது நீ இஷ்டம்போல் போய் வரலாம்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அந்த அகங்காரம் பிடித்த குரலை இன்னொரு தரம் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

அன்று முதல்தான், புது லினக்ஸ் கணினியில் எதை நிறுவுவதானாலும் பட்டியலைப் புதுப்பித்து வா என்று முதலில் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல மறந்தவர்களிடம், அப்படியொரு பொதி இல்லை என்று அது எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது.