சுருங்கையில் ஓர் ஆடிப்பெருக்கு

முன்னொரு காலத்தில், ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாலும் “மணக்கிறது மகாராஜா” என்று சொல்லிப் பழகிய ஒரு சபை இருந்தது. அந்த நகரத்துக் கழிவுநீரையெல்லாம் தெருவுக்கடியில் கல்மூடிய வாய்க்கால் ஒன்று சுமந்துகொண்டு போனது. அதற்குச் சுருங்கை என்று பெயர். ஒருநாள் சாப்பிட்டு ஏப்பம் விட்ட கையோடு அரசனுக்குச் சந்தேகம் பிறந்தது.

“சுருங்கை என்ற சொல் எங்கிருந்து வந்தது? பொருள் என்ன?”

ஏகாம்பர வித்துவான் எழுந்தார். சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் சடையன்மேல் அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். சடையனின் அண்ணன் மொக்கையன் அந்தச் சுருங்கைக்குள் இறங்கி அடைப்பெடுக்கிறவன் என்பதும் அவருக்குத் தெரியும்.

“அரசே! சுரர் என்றால் தேவர். தேவலோகத்துச் சுரகங்கைதான் ஜனங்கள் வாயில் தேய்ந்து சுருங்கை ஆயிற்று. தங்கள் நகரின் கீழே ஓடுவது புண்ணிய நதி! அதில் தினமும் முழுகுகிறவர்களுக்குக் கூலி நெல் எதற்கு? அவர்களல்லவா நமக்குக் காணிக்கை தரவேண்டும்!”

அரசன் பூரித்துப்போனான். கூலி நின்றது.

சாயங்காலம் மொக்கையன் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். குளித்தும் போகாத வாடை.

“ஏண்டா, நான் கங்கையில முழுகிட்டு வாரேனாம்ல? உங்க மதினி உலையில புண்ணியத்தையா போட்டுப் பொங்குவா?”

“கொஞ்சம் பொறுண்ணே.”

“நான் பொறுப்பேன், வயிறு பொறுக்குமாடா? நீ அங்க சிரிக்கவச்சுச் சம்பாதிச்ச லட்சணம் இதுதானா?”

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது சடையனுக்கு. மறுநாள் சபையில் போய்க் கைகட்டி நின்றான்.

“அரசே, வித்துவான் நம் கண்ணைத் திறந்துவிட்டார். ஆடிப்பெருக்கு வருகிறது. காலடியில் கங்கை ஓட, வேறு ஆற்றைத் தேடிப் போனால் தெய்வகுற்றம் ஆகாதா?”

தெய்வகுற்றம் என்றால் அரசனுக்கு உதறல். உடனே பந்தல் போடச் சொன்னான்.

பெருக்கன்று சுருங்கையின் மூடுகல்லைப் பெயர்த்தார்கள். காதோலை கருகமணியும் கலந்த சோறுமாக வந்த பெண்கள் எட்டவே நின்றுகொண்டார்கள். மேளக்காரன் ஒரு கையால் மூக்கைப் பிடித்ததில் பாதித் தாளம்தான் வந்தது. அரசன் பட்டுத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

சடையன் வெள்ளிச் செம்பில் மொண்டு வந்தான். கறுகறுவென்று, நுரை ததும்பியது.

“நதியின் பெருமையைச் சொன்னவருக்கே முதல் தீர்த்தம். ஐயா, கையை நீட்டுங்கள். அடுத்தது அரசர் பெருமானுக்கு.”

“எனக்கு... இன்று விரதம்” என்று பின்வாங்கினார் வித்துவான்.

“விரதத்துக்குக் கங்கை ஜலம் ஆகாதா ஐயா?”

“ஜலதோஷம் வேறு...”

அடுத்த முறை தன்னுடையது என்பது அரசனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“வித்துவானே! ஒன்று, குடியும். இல்லை, அந்தச் சொல்லுக்கு நேராகப் பொருள் சொல்லும்!”

செம்பு வித்துவானின் உதட்டருகே வந்துவிட்டது.

“சாக்கடை, அரசே! வெறும் சாக்கடை! அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று என் பாட்டனுக்கும் தெரியாது!”

அரசன் சிரித்த சிரிப்பில் பட்டுத்துண்டு நழுவியது. வாடையை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, இருமிக்கொண்டே ஆணையிட்டான்.

“நிறுத்திய கூலியை இரட்டிப்பாக அளந்து கொடுங்கள், வித்துவானின் மானிய நெல்லிலிருந்து! சடையா, இந்த முத்துமாலை உனக்கு!”

மொக்கையன் நெல்மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

“என்னடா, நம்ம புண்ணியம் அம்புட்டும் போச்சா?”

“போச்சுண்ணே.”

“நல்லதாப் போச்சு” என்று அவன் நடையைக் கட்டினான்.