தாய்மொழி கை நனைக்காத மதியம்

எந்த வரைபடத்துல தேடினாலும் குமிழிநாடு கிடைக்காது. தேடாதீங்க. அங்க நாலு மொழி. அரண்மனைல ஆனம், கடற்கரைல ஓரி, மலைல தவளி, மேய்ச்சக்காட்டுல மெச்சு. நாலுக்கும் ஒரே முகஜாடை.

அதுல ஆனம்தான் தாய், மத்த மூணும் அது பெத்த பொண்ணுங்கன்னு ஆஸ்தான பண்டிதர் ஆலாலர் ஒருநாள் கண்டுபிடிச்சார். ஆதாரமா? ராஜா மாவிளங்கன் பேசுறது ஆனம். வேற என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?

“தாய் முன்னாடி பொண்ணுங்க வாயாடக்கூடாது ராஜா. இனி சபைல ஆனம் மட்டும்தான். மத்த மொழில மனு வந்தா வாசல்லயே கிழிச்சிடலாம்.”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. “மதியத்துக்குள்ள தண்டோரா போட்டுடுங்க.”

பக்கத்துலயே நின்னுட்டிருந்தா முகிழி. சபைக்கு மொழிபெயர்க்கிறவ, பொறந்தது ஓரிக் கரையில. வாசல்ல அவ ஊர்க்காரங்க முப்பத்தெட்டுப் பேர் மனுவோட உக்காந்திருந்தாங்க. ஆறு நாள் நடந்து வந்தவங்க. ஆத்து முகத்துவாரத்துல கழி நட்டு அடைச்சுட்டார் ஆலாலர். கரையில அவர் தோட்டம் இருக்கு, மீன் நாத்தத்துல அவருக்குக் கவிதை வரலையாம். படகு கடலுக்குப் போய் ஒரு மாசம். ஊர்ல அடுப்பு எரியல. ஆனம் தெரிஞ்சவங்க அந்த முப்பத்தெட்டுல ஒருத்தர்கூட இல்ல. கிழிக்கிற யோசனை ஏன் வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?

முகிழி வாசலுக்குப் போனா. ஊர்த்தலைவர் வத்தலன் எழுந்திரிச்சார்.

“என்ன தாயி, கிழிக்கப் போறாங்களாமே?”

“சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறுங்க மாமா. மனுவை எவன் கையிலயும் கொடுத்துடாதீங்க.”

திரும்பி வந்து ராஜாவைக் கும்பிட்டா. “பண்டிதர் சொன்னது ரொம்பச் சரி ராஜா. தண்டோராவை நானே எழுதித் தரேன்.”

ஆலாலர் சந்தேகமாப் பார்த்தார். “நீயா ஒத்துக்கற?”

“தாயைத் தாய் இல்லைன்னு சொல்ல நான் யாரு ஐயா?”

எழுதிக் கொடுத்தா. ஊரெல்லாம் தண்டோரா போட்டாச்சு. அப்புறம் நேரா அடுக்களைக்குப் போனா.

மதியம் ராஜா பந்தியில உக்காந்தார். இந்தப் பக்கம் ராஜமாதா, அந்தப் பக்கம் ஆலாலர். இலையில வெள்ளைச் சோறு விழுந்துச்சு. அவ்வளவுதான். ராஜா கொஞ்ச நேரம் காத்திருந்தார். சோறு ஆறிச்சு.

“உப்பு எங்க?”

சமையக்காரர் கூத்தன் கையக் கட்டிக்கிட்டு நின்னார். “உப்பு ஓரிக்காரங்க அளத்துல விளையுது ராஜா. மிளகு தவளி மலை. நெய், மோர் எல்லாம் மெச்சுக்காட்டு எருமை. அரிசி ஒண்ணுதான் நம்ம ஊரு.”

“அதனால?”

கூத்தன் பந்தி ஓரமா நின்ன முகிழியைப் பார்த்தார். அவ சொன்னா: “பொண்ணு வீட்டுல தாய் கை நனைக்கலாமா ராஜா?”

கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுல பெத்தவ தண்ணிகூடக் குடிக்கக்கூடாது, குமிழிநாட்டுல இது விளையாட்டு இல்ல. ராஜமாதா பதினோரு வருஷமா மக வீட்டுக்குப் போறாங்க, தண்ணிக்குடத்தோட. குடம் காலியானா பேச்சு பாதியில இருந்தாலும் கிளம்பிடுவாங்க.

“நனைக்கக்கூடாது,” அப்படின்னாங்க ராஜமாதா. அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

ராஜா ஒரு வாய் சாப்பிட்டார். ரெண்டாவது வாய் இறங்கல. “இது எத்தனை நாளைக்கு?”

“தாய் தாயா இருக்கிற வரைக்கும் ராஜா.”

“வேற சொந்தம் ஏதாவது சொல்லேன்.”

“அக்கா தங்கச்சின்னு வெச்சுக்கலாம். அக்கா வீட்டுல சாப்பிடலாம், சண்டை போடலாம், மறுபடியும் சாப்பிடலாம்.”

ஆலாலர் விடல. “அப்போ தாய் யாருங்கறேன்?”

“செத்துப்போச்சு ஐயா, எப்பவோ. சாவுக்கு நம்ம யாரும் போகல. அதான் சொத்து யாருக்குன்னு இப்ப சண்டை.”

ராஜா இலையைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார். “அக்கா தங்கச்சிதான். தண்டோராவை மாத்துங்க. அதுக்கு முன்னாடி உப்பைப் போடுங்க.”

“தங்கச்சி வாசல்ல நிக்கிறா ராஜா,” அப்படின்னா முகிழி.

முப்பத்தெட்டுப் பேரும் உள்ள வந்தாங்க. வத்தலன் ஓரியில சொல்லச் சொல்ல, முகிழி ஆனத்துல சொன்னா. கழி. தோட்டம். எரியாத அடுப்பு. ராஜா சாப்பிடறதை நிறுத்திட்டார்.

“கழியைப் பிடுங்குங்க. குதிரைல ஆள் இப்பவே கிளம்பணும். முகத்துவாரம் இனி யாருக்கும் தோட்டத்து வேலி இல்ல.”

வத்தலன் ராஜாவைக் கும்பிட்டார். அப்புறம் ஆலாலர் பக்கம் திரும்பி நிதானமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். முகிழி வாயைத் திறக்கல.

“ஏன் நிறுத்திட்ட?” அப்படின்னார் ராஜா.

“அதுக்கு ஆனத்துல வார்த்தை இல்ல ராஜா.”

“நாலும் ஒரே வயித்துல பொறந்ததுன்ன. ஓரிக்கு மட்டும் அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?”

“பண்டிதர் தோட்டம் போட்டது அந்தக் கரையிலதானே ராஜா. அவங்களுக்குத் தேவைப்பட்டிருக்கு.”