மலைக்கு ஏறிய முரசு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஒரே பரீட்சை வைக்க வேண்டும்! "இந்த ஆண்டு செய்யுள் கிடையாது, நில அளவைக் கணக்குதான்" என்று ஒரு மாதம் முன்பே கோட்டை வாசலில் முரசறைந்தார்கள். பட்டணத்து வாத்தியார்கள் அன்றே கணக்கில் இறங்கிவிட்டார்கள். மலை உச்சியில் பள்ளி நடத்திய செங்கோடன் வாத்தியாருக்கோ பரீட்சையன்றுதான் விஷயம் தெரிந்தது. வழக்கம்போல் செய்யுளை உருப்போட்டிருந்த பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள். பள்ளியை மூடச் சொல்லிக் கல்விப் பிரதானி அனந்தய்யர் உத்தரவு போட்டுவிட்டார்.

வாத்தியார் பதறிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

"எங்களுக்குச் சேதியே வரலைங்க, மகாராஜா!"

"அரச முரசு ஒலித்தால் நாடே அறிந்ததாகும். அதுவே சட்டம்" என்றார் ராஜா.

விகடக்காரன் வேம்பையன் களுக்கென்று சிரித்தான். அவனைக் கவிழ்க்கச் சமயம் பார்த்திருந்த பிரதானி துள்ளி எழுந்தார். "பிரபு! சட்டத்தைக் கேலி செய்கிறான். நாடு கடத்துங்கள்!"

"கேலியா? அருமையான சட்டம், அரசே! முரசை ஒருமுறை எனக்குத் தாருங்கள். தங்கள் பெயரால் ஓர் ஆணை அறைந்து, சட்டத்தின் பெருமையைக் காட்டுகிறேன். தவறினால் நானே நாட்டை விட்டுப் போகிறேன்."

ராஜா சம்மதித்தார். வேம்பையன் முரசை மலை உச்சிக்குத் தூக்கிப் போய்ப் பள்ளி வாசலிலேயே அறைந்தான். "பௌர்ணமி சபைக்குத் தலையில் எதையேனும் அணிந்து வருவோர் பதவி இழப்பார்கள்! இது அரச ஆணை!"

வாத்தியார் அங்கேயே தன் தலைப்பாகையை அவிழ்த்து வைத்தார்.

பௌர்ணமியன்று அவர் வெறுந்தலையோடு சபையில் நின்றார். சுற்றிலும் சரிகைத் தலைப்பாகைகள். வேம்பையன் ஆணையைச் சொல்லி முடித்ததும் பிரதானி அலறினார்.

"எனக்குத் தெரியாதே! என் காதில் விழவில்லையே!"

"முரசு ஒலித்ததே, பிரதானியாரே! நாடே அறிந்ததாயிற்றே!"

ராஜாவின் கை மெல்லத் தன் கிரீடத்துக்குப் போனது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முடியில்லாத ராஜாவை வாத்தியார் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தார். ஒரு சொல்லால் இவ்வளவு பெரிய தலையை வணங்க வைக்க முடியுமா என்று மலைத்துப் போனார்.

மறுகணம் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "வேம்பையா, என் பதவியையே பறித்துவிட்டாயே! வாத்தியாரே, பள்ளி மூடப்படாது. மறுபரீட்சைக்கு உம் பிள்ளைகளுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்?"

"பட்டணத்துப் பிள்ளைங்களுக்குக் கிடைச்ச அதே ஒரு மாசம் போதுங்க. ஒரு நாள் கூட அதிகம் வேண்டாம்."

ராஜா தன் முத்துமாலையை வேம்பையனுக்குப் போட்டார். இனி மலையில் ஒலித்த பிறகே கோட்டையில் முரசு ஒலிக்கும் என்றார். அதை மலைக்குச் சுமக்கும் வேலை பிரதானிக்குக் கிடைத்தது.