வேறொருவர் பெயர் வைத்த காளான்

“நம்ம செண்பகம் டீச்சரோட காளானுக்கு அந்தமான்ல யாரோ பேரு வச்சிட்டாங்களாம்லா.”

“ஐயோ, டீச்சருக்குத் தெரியுமா?”

“நீ போய்ச் சொல்லேன்.”

“ஏன், என் தலை உருளவா?”

வன முகாமின் பின்கட்டில் மாணவிகள் இருவர், அட்டை ஏறாமலிருக்கக் காலில் உப்பைத் தேய்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற செண்பகவல்லி தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தாள்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, ஐம்பதை நெருங்கும் வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். ஒவ்வொரு மழைக்கும் மலையேறி, அந்தச் சிறிய ஊதாக் காளானின் பின்னால் அலைந்தாள். புது இனம்தான் என்று உறுதியாகிவிட்டது. பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். ஆனால் இந்தத் துறையில், முதலில் அச்சில் வந்த பெயர்தான் நிற்கும்.

நேரே ஆராய்ச்சி வழிகாட்டி ஜெபசீலியிடம் போனாள். குரு அவளைவிட இளையவர். அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரை மேடம் என்பாள்.

“உண்மையா மேடம்?”

“உண்மைதான்க்கா. உட்காருங்க.”

“இனி உட்கார்ந்து என்ன ஆகப்போகுது? என் காளான் போச்சு.”

“எங்க போச்சு? நேத்துகூட அந்தக் கட்டையில முளைச்சிருந்துச்சே.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெபசீலி மடிக்கணினியைத் திறந்து, அந்தமான்காரர் எழுதியதை வாசித்தார். “நாள் முழுக்க மழையில் தேடியும் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் வாடியது. மணம்: தெரியவில்லை.”

“அது எப்படித் தெரியாமப் போகும்? பக்கத்துல போனாலே மாங்காயை நறுக்கின வாசம் அடிக்குமே!”

“இளம் பருவம்: பார்க்க வாய்க்கவில்லை.”

“வெள்ளைவெளேர்னு இருக்கும் மேடம். குண்டூசித் தலை அளவுதான். ஊதா அப்புறம்தான் ஏறும், ஓரத்துலேர்ந்து.”

“வித்துத்தூளின் நிறம்: தூள் எடுக்க முடியவில்லை.”

“இளஞ்சிவப்பு! காளான் குடையைத் தாள் மேல வச்சுக் கிண்ணத்தைக் கவிழ்த்துட்டா, காலையில கோலம் போட்ட மாதிரி விழுந்திருக்கும். பாவம் மனுஷன், அதைப் பார்க்கவே இல்லையா?”

சொன்ன பிறகு அவளுக்கே என்னவோபோல் ஆயிற்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நாள் முழுக்க மழையிலயா மேடம்?”

“அப்படித்தான் எழுதியிருக்கார்.”

“இதுக்காக நனையற பைத்தியம் நான் ஒருத்திதான்னு நினைச்சிருந்தேன்.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். “வாசம் மட்டும் இல்ல மேடம், தண்டை ஒடிச்சா ஒரு சத்தம் வரும் பாருங்க...”

“இதையெல்லாம் ஏன்க்கா என்கிட்ட சொல்றீங்க? தெரியலைன்னு சொன்னது நான் இல்லையே.”

செண்பகவல்லி எழுந்துபோய்த் தன் பெட்டியைத் திறந்தாள். உலர்த்தி வைத்திருந்தவற்றில் சிதையாத ஒன்றையும், வித்துத்தூள் விழுந்த தாளையும் உறையிலிட்டாள். உறையின் மேல், அந்தமான்காரர் அந்தக் காளானுக்கு வைத்த பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அதற்குக் கீழே அவருடைய முகவரியை எழுதினாள்.